தாராஹுமாரா ஊர்களில் ஒழுங்கு எப்படி நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தூர ஓட்டக்காரர்கள் என்றுதான் பலருக்கும் தாராஹுமாரா மக்களைத் தெரியும். அதைக் கேள்விப்பட்டு இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது வேறு. மலையில் மூலைக்கு ஒரு வீடாக இருக்கிறார்கள், கூட்டம் கூட்டமாகக் குடிக்கிறார்கள், காவல் நிலையம் எங்கோ இருக்கிறது, அப்புறம் எப்படி அடிதடி இல்லாமல் வாழ்கிறார்கள்? திரும்பத் திரும்ப வந்த இந்தச் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, கீழே தொகுத்திருக்கிறேன். வழக்கங்கள் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கி ஆராய்ந்தவர்கள் கண்டதை வைத்தே பேசுகிறேன். இன்றைய நிலை கடைசிக் கேள்விகளில் வரும்.

முதல்ல, இவங்க யாரு? எங்க இருக்காங்க?

மெக்சிகோவின் வடக்கே சிவாவா மாநிலம். அதன் தென்மேற்கில் மேற்கு சியரா மாத்ரே மலைத்தொடரும் செப்புப் பள்ளத்தாக்கு என்று பெயர்பெற்ற ஆழமான பள்ளத்தாக்குகளும் இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்கள் இவர்கள். தங்களை ராராமுரி என்றே சொல்லிக்கொள்வார்கள். 2020 கணக்கெடுப்பில் இவர்களுடைய மொழி பேசுகிறவர்கள் சுமார் 90,000 பேர்.

மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி பயிரிடுவார்கள். ஆடும் செம்மறியும் வளர்ப்பார்கள், அதுவும் கறிக்காக என்பதைவிட வயலுக்கு எருவுக்காக. குளிர்காலத்தில் பல குடும்பங்கள் மேட்டு நிலத்தை விட்டுப் பள்ளத்தாக்கின் வெதுவெதுப்பான அடிவாரத்துக்கு இறங்கிவிடும்.

போலீஸ், கோர்ட்டு எதுவுமே இல்லாமலா இருக்காங்க?

இல்லாமல் இல்லை. மெக்சிகோ அரசின் சட்டம் அங்கேயும் உண்டு, நகராட்சியும் காவலர்களும் உண்டு. ஆனால் ஆட்டைக் காணோம், வேலியை மிதித்துவிட்டான், மனைவியைத் திட்டினான் என்பதற்கெல்லாம் யாரும் அங்கே போவதில்லை. அவர்களுக்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள், விசாரணை இருக்கிறது. அதற்கும் முன்னால் வெட்கமும் வாய்ப்பேச்சும் அக்கம்பக்கத்தார் மேல் உள்ள தேவையும் இருக்கின்றன. பாதிக்கு மேல் காரியம் அங்கேயே முடிந்துவிடும். மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, 2001-இல் திருத்தப்பட்ட பிறகு, பழங்குடி மக்கள் தங்கள் உள்விவகாரங்களைத் தங்கள் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. மனித உரிமைகளுக்கு, குறிப்பாகப் பெண்களின் உரிமைக்கு, முரணாகக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாத தூரத்துல இருந்தா, யார் யாரைக் கண்காணிக்கிறது?

நல்ல கேள்வி. ஊர் என்றால் வரிசையாக வீடுகள் என்று நினைத்தால் இது புரியாது. இரண்டு மூன்று வீடுகள் ஒரு திட்டில், அடுத்த திட்டு ஓடைக்கு அந்தப் பக்கம். வருஷத்தின் பெரும்பகுதி ஒரு குடும்பம் தன் ஆட்டோடும் வயலோடும் தனியாகவே கிடக்கும். சின்ன வயதிலிருந்தே ஆடு மேய்த்து, தனிமையில் வளர்கிற மனிதர்கள். தினசரி கண்காணிப்பு என்று ஒன்றும் கிடையாது.

அதனால் கட்டுப்பாடு இரண்டு இடங்களில் குவிகிறது. ஒன்று, மனிதனுக்கு உள்ளே ஊறிப்போன கூச்சம். இன்னொன்று, எல்லோரும் ஒன்றுசேரும் சில சந்தர்ப்பங்கள்: கோயில் முற்றத்து ஞாயிற்றுக்கிழமை, திருவிழா, மக்காச்சோள பீர் குடிக்கும் கூட்டம். இடைப்பட்ட நாட்களில் நடந்ததெல்லாம் அங்கே வந்து அவிழும்.

ஒருத்தர் வீட்டுக்குப் போனா நேரா உள்ளே போகக் கூடாதாமே?

கூடாது. பழைய முறை இதுதான்: வீட்டுக்குச் சற்றுத் தொலைவிலேயே நின்று, வீட்டைப் பார்க்காமல் எங்கோ பார்த்தபடி தரையில் உட்கார்ந்துகொள்வார் வந்தவர். உள்ளே இருப்பவர்களுக்கு ஆள் வந்தது தெரியும், ஆனாலும் அவர்களும் அவசரப்பட மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரர் வெளியே வந்து பேச்சுக் கொடுப்பார். கை கொடுப்பதென்றால் இறுகப் பிடிப்பது இல்லை, விரல் நுனிகள் லேசாகத் தொட்டு விலகும். முகத்தை உற்றுப் பார்ப்பது, உரத்த குரலில் பேசுவது, கேள்வி மேல் கேள்வி கேட்பது எல்லாம் அநாகரிகம்.

இதைப் பார்த்துவிட்டு "ரொம்ப ஒதுங்கின ஜனம்" என்று எழுதிய பயணிகள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூப்பிடாமல் நெருங்காதே என்ற விதிதான் அங்கே வேலியாக நிற்கிறது.

சிரியாமேன்னு சொல்றாங்களே, அவர் தலைவரா? எவ்வளவு அதிகாரம்?

சிரியாமே ஊரின் ஆளுநர். ஸ்பானிய மொழியில் கோபெர்னதோர். அவருக்குக் கீழே துணை ஆளுநர், கேப்டன், மேயர், படைவீரர் என்று ஒரு வரிசை உண்டு. எண்ணிக்கையும் பெயர்களும் ஊருக்கு ஊர் வேறு. பதவியின் அடையாளம் ஒரு மரக்கோல். கூட்டத்தில் ஊர் மக்கள் சம்மதித்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்காமல் போனால் இறக்கியும் விடுவார்கள்.

அதிகாரம் என்று கேட்டால், உத்தரவு போடும் அதிகாரம் குறைவு. வரி வசூலிப்பதில்லை, சம்பளம் வாங்குவதில்லை, தன் வயலைத் தானே உழுகிறார். அவரிடம் எதிர்பார்ப்பது நாவன்மையும் நிதானமும். கோபக்காரன், உளறுவாயன் என்று பேர் வாங்கியவனுக்கு ஆடுமாடு எத்தனை இருந்தாலும் கோல் கிடைப்பது கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை பேசுறாராமே, அப்படி என்னதான் பேசுவார்?

அந்தப் பேச்சுக்கு நவேசாரி என்று பெயர். கோயில் முற்றத்தில் அதிகாரிகள் கோல்களோடு வரிசையாக நிற்க, சிரியாமே பேசுவார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாக எதுவும் இருக்காது. நன்றாக வேலை செய்யுங்கள், திருடாதீர்கள், சண்டை போடாதீர்கள், பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள், தந்தைக் கடவுளான ஓனோருவாமே மேலிருந்து பார்க்கிறார், நாம் நடனம் ஆடினால்தான் உலகம் நிற்கும், முன்னோர் இப்படித்தான் சொன்னார்கள். கல்யாணத்திலும் விசாரணையிலும் திருவிழாவிலும் இதே சரக்குதான்.

கேட்கிறவர்களுக்கு அலுக்காதா என்று கேட்பார்கள். அலுக்கலாம். ஆனால் எழுத்தில் இல்லாத சட்டத்துக்கு ஓதல்தானே புத்தகம். ராராமுரி மக்கள் ஒழுக்கத்தைச் சிந்தனையோடு சேர்த்தே பார்க்கிறார்கள்: ஆன்மாக்கள் நன்றாகச் சிந்தித்தால் ஆள் நன்றாக நடப்பான். ஆகவே காதில் திரும்பத் திரும்பப் போடுவதை வெறும் உபதேசமாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, ஆன்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, ஒருத்தன் ஆடு திருடிட்டான். என்ன நடக்கும்?

முதலில் பறிகொடுத்தவர் தாமே தடம் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். ஆள் யார் என்று தெரிந்தால் சத்தமில்லாமல் திருப்பி வாங்கப் பார்ப்பார். நடக்கவில்லை என்றால் அதிகாரிகளிடம் சொல்வார். அடுத்து எல்லோரும் கூடும் நாளில் விசாரணை.

அதிகாரிகள் ஒரு மரத்தடிப் பலகையில் வரிசையாக உட்காருவார்கள். புகார் சொன்னவரும் சொல்லப்பட்டவரும் அவர்கள் முன்னால். சுற்றிலும் ஊர். யார் வேண்டுமானாலும் பேசலாம், பேசுவார்கள்: போன வருஷம் இவன் செய்தது, இவன் மாமன் செய்தது, எல்லாம் வெளியே வரும். வாதாடி ஜெயிக்கும் இடமாக யாரும் இதை எண்ணுவதில்லை. செய்தவன் செய்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அது வரும்வரை சிரியாமே விடாமல் அறிவுரை சொல்லிக்கொண்டே இருப்பார். ஒப்புக்கொண்டால், ஆட்டைத் திருப்பிக் கொடு, தின்றுவிட்டாயென்றால் அதற்கு ஈடான இன்னொன்றைக் கொடு என்று தீர்ப்பு. பிறகு இருவரையும் சமாதானப்படுத்தி அனுப்புவார்கள்.

ஒரு ஆட்டுக்காக இவ்வளவா என்று தோன்றும். ஆளைப் பார்க்கவே கூசுகிற ஒரு மனிதனை, ஊரே சூழ்ந்து நின்று பார்க்க, மணிக்கணக்கில் நடுவில் நிறுத்துவதை நினைத்துப் பாருங்கள். ஈடாகக் கொடுக்கும் ஆடு அவனுக்குச் சின்னத் தண்டனை.

அடிக்கிறது, கட்டி வைக்கிறது எல்லாம் கிடையாதா?

இருந்தது. சாட்டையடியும் காலைக் கட்டையில் மாட்டுவதும் ஸ்பானியர் காலத்தில் வந்து, 20-ஆம் நூற்றாண்டுக்குள்ளும் சில ஊர்களில் தொடர்ந்தன. பிறகு தேய்ந்தது. பிற்காலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் திட்டுவதையும் ஈடு வாங்குவதையும்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவு கூச்சப்படுறவங்க, எப்படிக் கூட்டமா குடிச்சுட்டு ஆடுறாங்க?

இங்கேதான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தெஸ்குவினோ என்பது மக்காச்சோள பீர். சோளத்தை ஊறவைத்து முளைகட்டி, அம்மியில் அரைத்து, நீண்ட நேரம் கொதிக்கவைத்து, பானைகளில் புளிக்கவிடுவார்கள். புளித்ததும் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் வைத்துக் குடிக்க முடியாது. கூட்டி உட்கார்ந்து ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும். களை எடுக்க, அறுவடைக்கு, வீடு கட்ட, வேலி போட ஆள் தேவைப்படுகிற குடும்பம் பீர் காய்ச்சி அக்கம்பக்கத்தை அழைக்கும். வந்தவர்கள் வேலை செய்வார்கள், பிறகு குடிப்பார்கள். கூலி கிடையாது. குணப்படுத்தும் சடங்குக்கும் திருவிழாவுக்கும் இதுவே. 1960 வாக்கில் அங்கே வாழ்ந்த ஒரு மானிடவியலாளரின் கணக்குப்படி, ஒரு சராசரி ஆள் வருஷத்துக்கு 100 நாளாவது ஏதோ ஒரு வகையில் தெஸ்குவினோ விஷயமாகச் செலவிட்டார்.

முதலில் பானையிலிருந்து கொஞ்சம் எடுத்து நான்கு திசைகளுக்கும் தெளித்துக் கடவுளுக்குப் படைப்பார்கள். பிறகு வீட்டுக்காரர் நியமித்த ஒருவர் சுரைக்குடுவையில் மொண்டு ஒவ்வொருவராகக் கொடுப்பார். நீட்டியதை மறுப்பது மரியாதை இல்லை. இரண்டு மூன்று சுற்றில் அந்த மௌனக்காரர்களே சத்தமாகச் சிரித்து, பாடி, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிடுவார்கள். வருஷம் முழுக்க அடக்கிவைத்த ஆசையும் கோபமும் அங்கே வெளியே வரும். வியாபாரம் பேசுவது, சண்டை தீர்ப்பது, பெண் பார்ப்பது எல்லாம் அங்கேதான்.

அப்ப குடிச்சுட்டு செஞ்ச தப்புக்கு மன்னிப்பு உண்டா?

ஓரளவுக்கு உண்டு. ஒருவருக்குள் பெரியதும் சிறியதுமாகப் பல ஆன்மாக்கள் இருப்பதாக நம்பிக்கை. போதையில் பெரிய ஆன்மா விலகி நின்றுவிடும், அப்போது ஆள் குழந்தை மாதிரி. ஆகவே நேற்றிரவு உளறியதைக் காலையில் யாரும் பெரிதாகக் கிளறுவதில்லை.

ஆனால் எல்லாம் கரைந்துபோகிறது என்று நினைக்க வேண்டாம். விசாரணைக்கு வருகிற அடிதடி, கள்ள உறவு வழக்குகளில் பெரும்பங்கு இந்தக் கூட்டங்களில் பிறந்ததுதான். வீடு திரும்பும் வழியில் பள்ளத்தில் விழுந்து இறந்தவர்களும் உண்டு. கட்டுப்பாட்டைத் தளர்த்துவதும் இதே பீர், மறுபடி இறுக்குவதும் இதே பீர் என்பது படிப்பவர்களுக்கு முரணாகத் தெரிகிறது. அங்கே வாழ்கிறவர்களுக்கு இதில் முரண் இல்லை. எப்படி இறுக்குகிறது என்பது அடுத்த கேள்வியில்.

ஒருத்தரைக் கூப்பிடாம விட்டா என்ன ஆகும்?

வலிக்கும், நன்றாகவே வலிக்கும். யார் யாரை அழைக்கிறார்களோ அவர்கள்தான் ஒருவருக்கொருவர் ஊர். நிர்வாக எல்லையைவிட இந்த அழைப்பு வலையே நிஜமான சமூகம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சண்டைக்காரன், சோம்பேறி, கஞ்சன் என்று பேர் வாங்கியவனுக்கு அழைப்பு குறையும். அவன் காய்ச்சினாலும் வேலைக்கு ஆள் வராது. களை எடுக்க வேண்டிய வாரத்தில் தனியாக நிற்பது என்றால், அந்த வருஷச் சோளத்தில் குறைவு என்று அர்த்தம். யாரும் தீர்ப்பு எழுதவில்லை, ஆனாலும் தண்டனை வந்து சேர்ந்துவிடுகிறது.

கோரிமான்னா பிச்சைதானே?

கிடையாது. கோரிமா என்பது இருப்பவரிடம் பங்கு கேட்கும் வழக்கம். சோளம் தீர்ந்துபோன வீடு, இருக்கிற வீட்டில் போய்க் கேட்கலாம். கேட்பதில் அவமானம் இல்லை, இருக்கிறவர் கொடுக்காமல் இருப்பதில்தான் அவமானம். வாங்கியவர் அதைக் கடனாகச் சுமப்பதும் இல்லை. நாளை வேறொருவர் கேட்டால் அவரும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மழை பொய்க்கிற மலையில் இது ஒரு காப்பீடு. சிவாவா நகரத் தெருக்களில் ராராமுரிப் பெண்கள் கை நீட்டி "கோரிமா" என்று கேட்பதைப் பார்த்துத்தான் இந்தப் பிச்சை எண்ணம் பரவியது. அவர்களைப் பொறுத்தவரை இருப்பவரிடம் பங்கு கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவருக்கு அந்த விதி தெரியாது.

சேர்த்துக் குவித்தவன் மேல் சந்தேகம் வருவதும் இதனால்தான். எல்லோரும் சமம் என்று பொருள் இல்லை. ஆடுமாடு அதிகம் உள்ளவர்கள் உண்டு. அவர்கள் அடிக்கடி பீர் காய்ச்சினால் நல்ல பெயர், இல்லாவிட்டால் முணுமுணுப்பு.

சூனியத்துக்கு பயந்துதான் ஒழுங்கா இருக்காங்கன்னு படிச்சேன். நெஜமா?

பயம் உண்மை, அதுவே எல்லாம் இல்லை. ஓவிருவாமே என்பவர் வைத்தியர், கனவில் போய் ஆன்மாவைத் தேடி மீட்பவர். சுகுருவாமே என்பவர் அதே சக்தியைக் கெடுதிக்குப் பயன்படுத்துபவர். நோயோ சாவோ வந்தால், யாரைப் புண்படுத்தினோம் என்று யோசிப்பார்கள். கேட்டவருக்கு உணவு மறுத்தோமா, யாரையாவது அழைக்காமல் விட்டோமா? மேலே கோரிமா பற்றியும் அழைப்பு பற்றியும் சொன்ன விதிகளுக்கு இந்தப் பயம் பின்னால் நின்று முட்டுக்கொடுக்கிறது. இதற்கு இருண்ட பக்கமும் உண்டு: தனித்துக் கிடக்கிற வயதானவர் மேல் பழி எளிதில் விழும்.

பொம்பளைங்க நிலைமை? கல்யாணம், பிரிவு எல்லாம் யார் முடிவு பண்றது?

சொத்து விஷயத்தில் பெண் ஆணுக்குக் குறைந்தவர் இல்லை. ஆடும் நிலமும் அவரவர் பெயரில், மகனுக்கும் மகளுக்கும் பங்கு. மனைவியின் ஆட்டைக் கணவன் கேட்காமல் விற்க முடியாது. கல்யாணப் பேச்சையும் புத்திமதியையும் மேயர் என்ற அதிகாரி கவனிப்பார், சடங்கு எளிமை. ஒத்துவராவிட்டால் ஆரம்ப வருஷங்களில் பிரிவதும் பெரிய விஷயம் இல்லை. விசாரணையில் பெண்களும் பேசுவார்கள். ஆனால் மலை ஊர்களில் கோல் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான், குடித்த கணவன் அடித்தான் என்ற புகாரும் புதிது இல்லை.

பிள்ளைங்களை அடிக்கவே மாட்டாங்களாமே, அப்ப எப்படி வளர்க்கிறாங்க?

அடிப்பது அரிது. ஐந்தாறு வயதிலேயே சில ஆடுகளைக் கொடுத்து "இது உன்னுடையது" என்று விட்டுவிடுவார்கள். அதை விற்க வேண்டுமானால் பெற்றவர்களே பிள்ளையைக் கேட்பார்கள். ஆடு தொலைந்தால் நஷ்டம் யாருக்கு என்று பிள்ளைக்கே தெரியும்.

மச்சினன், கொழுந்தியாகிட்ட ரொம்ப ஆபாசமா கிண்டல் பண்ணுவாங்களாம். இது மட்டும் எப்படி அனுமதி?

இதுவும் விதிதான். கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகள், இவர்களுக்குள் கேலி செய்யலாம், செய்யவும் வேண்டும். தெஸ்குவினோ கூட்டத்தில் துணியை இழுப்பது, மல்லுக்கட்டுவது, பச்சையாகப் பேசுவது வரை போகும். சுற்றி இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெற்றோரிடமோ மாமனார் மாமியாரிடமோ இந்தப் பேச்சு நடக்காது. யாரிடம் அடங்கியிருக்க வேண்டும் என்பது எவ்வளவு தெளிவோ, யாரிடம் அவிழ்த்துவிடலாம் என்பதும் அவ்வளவு தெளிவு.

கொலை நடந்தா?

அது சிரியாமேயின் கைக்கு மீறியது. மெக்சிகோ அதிகாரிகளிடம் ஒப்படைப்பதே வழக்கம். ஈடு கொடுத்து, ஒப்புக்கொண்டு, சமாதானமாகும் முறை, இருவரும் நாளையும் அண்டை அயலாக வாழப்போகிறார்கள் என்ற கணக்கில் உருவானது. செத்தவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாதே.

ஆளுநர், கேப்டன், கோயில்... இதெல்லாம் ஸ்பானியர் கொண்டுவந்தது. அப்புறம் எப்படிப் பாரம்பரியம்னு சொல்றீங்க?

கொண்டுவந்தது அவர்கள்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபைப் பாதிரிகள் வந்து, சிதறிக் கிடந்தவர்களைக் கோயிலைச் சுற்றிக் குடியேற்றப் பார்த்தார்கள். 1648, 1650, 1652 என்று அடுத்தடுத்து கிளர்ச்சிகள். தலைமை தாங்கிய தெபோராக்கா 1653-இல் தூக்கிலிடப்பட்டார். 1690-களிலும் மறுபடி எழுந்தார்கள், மறுபடி அடக்கப்பட்டார்கள். 1767-இல் ஸ்பானிய அரசே இயேசு சபையினரை வெளியேற்றிவிட்டது. 1900-இல்தான் திரும்பினார்கள்.

இடைப்பட்ட அந்த நூற்றுச் சொச்சம் வருஷத்தில் மேற்பார்வை பெரிதாக இல்லை. கோயிலையும் கோலையும் திருவிழாவையும் வைத்துக்கொண்டார்கள், கோயிலைச் சுற்றிக் குடியேறுவதை மட்டும் ஏற்கவில்லை. யாரை அடக்குவதற்காகப் பதவிகள் வந்தனவோ அவர்களே அவற்றைத் தங்கள் பேச்சுக்கும் தங்கள் கூச்சத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகு அதைக் கடன் வாங்கியது என்று தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னிக்கும் இது வேலை செய்யுதா? அங்க போதைக் கும்பல் தொல்லைன்னு செய்தி வருதே?

தங்களுக்குள் இன்னும் பல ஊர்களில் வேலை செய்கிறது. வெளியாளிடம் செல்லாது. ராராமுரி அல்லாதவர்களை சபோச்சி என்பார்கள். அழைப்பு நின்றுவிடுமே என்ற கவலையோ ஊர் நடுவில் நிற்கும் வெட்கமோ சபோச்சிக்கு இல்லை. கஞ்சாவும் அபினிச் செடியும் பயிரிட நிலத்தைப் பிடுங்குகிறவர்கள், காட்டைத் திருட்டுத்தனமாக வெட்டுகிறவர்கள், துப்பாக்கியோடு வருகிறார்கள். நவேசாரி அவர்கள் காதில் ஏறாது.

காட்டைக் காக்கப் போராடி 2005-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்ற இசிட்ரோ பால்டெனெக்ரோ 2017 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பகுதியான கொலராதாஸ் தெ லா விர்ஹெனைச் சேர்ந்த ஹூலியான் கரியோ 2018-இல் கொல்லப்பட்டார். 2022 ஜூனில் செரோகாவி ஊர்க் கோயிலுக்குள்ளேயே ஹாவியர் காம்போஸ், ஹோவாக்கின் மோரா என்ற இரண்டு முதிய பாதிரிகளைக் கொன்றார்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு எதிராக ராராமுரி வழக்கம் தோற்றது என்று சொல்வது அநியாயம். அது அதற்காக உண்டானதே இல்லை. தோற்றது, காக்க வேண்டிய அரசு.

ஊரை விட்டு நகரத்துக்குப் போனவங்க இதையெல்லாம் விட்டுட்டாங்களா?

முழுக்க விடவில்லை. வறட்சியும் மேலே சொன்ன கும்பல்களும் துரத்தி, சிவாவா நகரத்துக்கு நிறையக் குடும்பங்கள் வந்துவிட்டன. எல் ஓயாசிஸ் போன்ற ராராமுரிக் குடியிருப்புகள் அங்கே உண்டு. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, சத்தம் காதில் விழுகிறது, பீர் கடையில் கிடைக்கிறது. காய்ச்சி, அழைத்து, வேலை செய்து குடிக்கிற சங்கிலி அறுந்துவிட்டது. அதனால் குடி மட்டும் மிஞ்சுகிறது, பிரச்சினையும் அதிகம்.

ஆனால் குடியிருப்புக்கு ஒரு சிரியாமே இருக்கிறார், பல இடங்களில் அவர் ஒரு பெண். ஆண்கள் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போய்விட, பள்ளிக்கூடம், நகராட்சி, போலீஸ் என்று பேசப்போனவர்கள் பெண்கள். பேசத் தெரிந்தவருக்கே கோல் என்ற பழைய விதிப்படி கோலும் அவர்களிடம் போயிருக்கிறது.